மச்சம் ஏறாத குசினி

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில் ஆண் இல்லாத காலத்திலும் ஆண் இருமும் சத்தம் கேட்கும். விளக்கு வைக்கிற நேரம் பார்த்து யாரோ தொண்டையைச் செருமுவார். பிறகு நெஞ்சிலிருந்து கனமாக ஓர் இருமல், அதன் பின்னால் கொஞ்சம் லேசாக இன்னொன்று. கலியாணம் முடித்து, திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த அந்த ஒழுங்கைக்கு நான் வந்த புதிதில், பக்கத்து வீட்டு மனுசன் வாட்டசாட்டமான ஆளாகத்தான் இருக்கவேண்டும், ஆனால் வெளியில் தலை காட்டாத சோம்பேறி என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் கிடுகு வேலியின் ஓட்டைக்குள்ளால் எட்டிப் பார்த்தேன். நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒல்லியான ஒரு பெண் முற்றத்தில் நின்று இருமிக்கொண்டிருந்தார்.

நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். வெட்கப்படவே இல்லை.

"இவர் கப்பல்ல, தங்கச்சி. ஆம்பிளை இல்லாத வீடெண்டு தெரிஞ்சால் துறைமுகத்தடிக் குடிகாரங்கள் வந்து கதவைத் தட்டுவாங்கள். அதுதான் பொழுதுபட இவற்ற இருமலை ஒருக்கா இருமி விடுறனான்" என்றார். பிறகு, பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்த்தார். "ஆம்பிளை மாதிரி இருந்ததோ?"

அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா. அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு நாளும் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இப்போதும் சொல்லவில்லை. நானும் அந்தக் கூத்தில் சேர்ந்துகொண்டேன். ஒழுங்கையில் அடையாளம் தெரியாத ஆட்கள் போனால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "அக்கா, அண்ணன் சாப்பிட்டாரா?" என்று உரத்துக் கேட்பேன். "ஓம் தங்கச்சி, இப்பதான் சாப்பிட்டவர்" என்று பதில் வரும். அண்ணன் அப்போது எந்தக் கடலில் எந்தக் கப்பலின் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாரோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

இல்லாததை இருக்கிற மாதிரிச் செய்வதில் அக்காவுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. கிழிந்த சேலையைத் தைத்தால் கிழிசல் எங்கே என்று தேடவேண்டும். கோப்பித்தூள் கிடைக்காத பஞ்ச காலத்தில் புளியங்கொட்டையை வறுத்து இடித்து, அதற்குள் என்னத்தைச் சேர்த்தாரோ, ஒரு கோப்பி போட்டுத் தந்தார். என் வீட்டுக்காரர் குடித்துவிட்டு, "இந்தப் பஞ்சத்துக்குள்ள இவங்களுக்கு மட்டும் எப்பிடிக் கோப்பி கிடைக்குது?" என்று என்னிடம் எரிந்து விழுந்தார். மல்லிகை இல்லாத மாதத்தில் கடதாசியில் பூக் கட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோய், ஐயரே வாங்கிச் சாத்தின கதையும் உண்டு. கேட்டால் சொல்லமாட்டார். வாயைப் பொத்திக்கொண்டு, "கண்டுபிடியுங்கோ பாப்பம்" என்பார். அது அவருடைய தேவாரம் மாதிரி. நாம் தோற்றோம் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் உண்மை வெளியில் வரும்.

எனக்கு அவரில் அவ்வளவு விருப்பம். ஆனால் இந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். "உங்கள நம்பவே பயமா இருக்கு அக்கா. நீங்க நெசமா அழுதாலும் நாங்க கண்டுபிடிக்க ஏலாது" என்று ஒரு நாள் பகிடியாகச் சொன்னேன். சிரித்தார். நல்ல பெயர் எடுத்தவர் சிரிக்கிற சிரிப்பு.

அந்தக் குசினிக்கு மச்சம் ஏறாது. மீன், இறைச்சி, முட்டை எல்லாவற்றையும் சேர்த்து அவர்கள் மச்சம் என்பார்கள். அக்கா பிறந்தது முட்டைகூடத் தொடாத சைவக் குடும்பத்தில். கலியாணத்துக்குப் பிறகு அண்ணனுக்காக மீனும் ஆடும் வேறு சட்டியில் சமைத்தார். மூக்கால் உப்புப் புளி பார்த்துச் சமைப்பாரே தவிர நாக்கில் வைத்ததில்லை. பிறகு ஒரு முறை அண்ணனுடைய கப்பலைப் பற்றித் தகவலே இல்லாமல் போனது. மாதக்கணக்காக ஒரு சொல் இல்லை. கப்பல் கந்தோரில் கேட்கப் போனால் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார்கள், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா மலையேறிப் போய்க் கோணேசரிடம் நேர்ந்துவிட்டு வந்தார். அவர் உயிரோடு திரும்பினால், தான் சாகும்வரை தன் குசினிக்குள் மச்சம் ஏறாது என்று.

அண்ணன் திரும்பி வந்தார். நடுக்கடலில் இயந்திர அறை எரிந்து, கப்பல் அனாதையாக மிதந்து, வேறொரு கப்பல் கண்டு இழுத்துக்கொண்டுபோய் மெக்சிக்கோ நாட்டுத் துறைமுகம் ஒன்றில் விட்டதாம். சம்பளமும் இல்லை, திரும்ப வழியும் இல்லை. துறைமுகத்தடியில் சாப்பாட்டுக்கடை போட்டிருந்த ஒரு பெண் சோறு போட்டுக் காப்பாற்றினாளாம். சோறு என்றால் சோறில்லை. சோளத்து ரொட்டிக்குள் நார் நாராகப் பிய்த்த இறைச்சியை வைத்து மடித்துத் தருவாளாம். தாக்கோ என்று அதற்குப் பெயர்.

அக்காவும் அண்ணனும் முற்றத்தில் குந்தியிருந்து, நேர்ந்த நாளையும் அந்த இன்னொரு கப்பல் கண்ணில் பட்ட நாளையும் பொருத்திப் பார்த்தார்கள். இரண்டும் ஒன்று என்று முடிவு செய்தார்கள். பொருந்தியதா, பொருத்தினார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அண்ணன், அக்காவைவிட ஒரு படி மேலே போய்விட்டார். வெளியிலும் மச்சம் தொடுவதில்லை. "என்ட உயிர் இந்தக் குசினிக்குள்ளதான் தொங்குது, தங்கச்சி" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார், கண் சிரிக்காது.

எங்களுக்குச் சந்தையில் இறைச்சிக் கடை. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அந்த வீட்டுக்கு மட்டும் பேரீச்சம்பழம்தான் போகும். ஒரு முறை, கிண்ணியாவிலிருந்து புதிதாக வந்திருந்த என் நாத்தனார் விஷயம் தெரியாமல் குர்பான் இறைச்சிக் கறியை மூடிக்கொண்டு அவர்களுடைய படலையைத் திறந்துவிட்டாள். அண்ணன் ஓடிவந்து படலையை மறித்துக்கொண்டு நின்றார். திட்டவில்லை. கையெடுத்துக் கும்பிட்டு, "கொண்டு போங்கோ பிள்ளை, கொண்டு போங்கோ" என்றார். கடலில் எத்தனையோ கண்ட மனுசன், ஒரு கோப்பைக் கறிக்கு முன்னால் அப்படி நின்றார். அன்றைக்கு முற்றம் முழுவதையும் மஞ்சள் தண்ணி ஊற்றிக் கழுவினார்கள்.

அதற்குச் சில வருஷம் கழித்து அண்ணனுக்கு நெஞ்சில் வருத்தம் வந்தது, ஓயாத இருமல். கப்பல் வேலை போனது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள். மருந்து வேலை செய்ய உடம்பில் தசை வேண்டும், இறைச்சி, முட்டை, பால் நல்லாக் கொடுங்கள் என்று டொக்டர் சொன்னார். பால் உள்ளே போனால் திரும்பி வந்தது. இறைச்சி என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணன் கையை ஆட்டி மறித்தார். சோறு, பருப்பு, மரக்கறி எதை வைத்தாலும் பிசைந்து பார்த்துவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளினார். மனுசன் சட்டைக்குள் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டு போனார்.

சாப்பாட்டைத் தள்ளினாலும் சாப்பாட்டுக் கதை மட்டும் குறையவில்லை. காய்ச்சல் ஏறினால் அந்தத் துறைமுகத்துக் கடைக்குப் போய்விடுவார். அவள் கல்லில் ரொட்டி போடும் விதம், மிளகாயைச் சுட்டு அரைக்கும் விதம், இறைச்சியைப் புகையில் வேகவிட்டு விரலால் பிய்க்கும் விதம். அது என்ன இறைச்சி என்று அண்ணன் என்னிடம் சொன்னதில்லை. நல்லது, நானும் கேட்கவில்லை. அக்கா கட்டிலின் காலடியில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். இடையிடையே கேள்வி வேறு.

"அவ உப்பை முதல்ல போடுறவவோ, பிய்ச்ச பிறகு போடுறவவோ?"

எனக்கு இரத்தம் கொதிக்கும். வேலியடிக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். "உங்களுக்கு விசரா அக்கா? எவளோ ஒருத்தி மாசக்கணக்காச் சோறு போட்டிருக்கிறாள். அவள் ஆர், எவர் எண்டு கேட்காம, உப்பு எப்ப போட்டாள் எண்டு கேக்கிறீங்க."

"அவ சோறு போட்டபடியால்தானே இவர் உயிரோட வந்தவர். மற்றதெல்லாம் கேட்டு என்ன செய்யிறது?" என்றார் அக்கா. கொஞ்ச நேரம் கிடுகைப் பிய்த்துக்கொண்டு நின்றார். "அவவின்ட கை எனக்கு வருமோ எண்டுதான் பாக்கிறன்."

அப்படித் தொடங்கியது அது. மச்சம் இல்லாமல் அந்தச் சாப்பாட்டைச் செய்து அண்ணனைச் சாப்பிட வைப்பது. சாப்பிட்டால் உடம்பு தேறும். உடம்பு தேறினால் மருந்து வேலை செய்யும். நேர்த்தியும் உடையாது. கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

முதலில் ரொட்டி. தோப்பூரில் இருந்த என் தம்பியிடம் சொல்லிச் சோளன் எடுப்பித்துக் கொடுத்தேன். மாவாக இடித்துத் தட்டினால் கல்லில் விண்டு விண்டு போனது. அண்ணன் கட்டிலில் படுத்தபடி, "சுண்ணாம்பில அவிச்சு ஊறப்போடுறவை" என்றார். வெற்றிலைக்குப் பூசுகிற சுண்ணாம்பைக் கரைத்து அவித்து, தோல் கழன்றதும் பலதரம் கழுவி, அம்மியில் பட்டாக அரைத்துத் தட்டினார் அக்கா. கல்லில் போட்டதும் ரொட்டி உப்பி எழும்பியது. அந்த வாசம் வேலி தாண்டி வந்தது. அண்ணன் கட்டிலில் எழும்பி இருந்ததை அன்றைக்குத்தான் கனகாலத்துக்குப் பிறகு பார்த்தேன்.

உள்ளே வைக்கிற சாமான்தான் வதைத்தது. கண்டிப் பக்கத்திலிருந்து லொறியில் வரும் பிஞ்சுப் பிலாக்காயை வாங்கி, அவித்து, நாராகப் பிய்த்து, சுட்ட மிளகாயில் பிரட்டிக் கொடுத்தார். அண்ணன் ஒரு வாய் கடித்துவிட்டுச் சிரித்தார்.

"கெட்டிக்காரிதான். ஆனா பிலாக்காய்."

அக்காவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். புருஷன் சாப்பிடாத கவலை ஒரு பக்கம். கண்டுபிடித்துவிட்டாரே என்ற ரோசம் இன்னொரு பக்கம். எது கூட என்று சொல்ல ஏலாது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேலை வந்தது. அக்காவுக்கு இறைச்சியின் ருசி தெரியாது. மணமும் தோற்றமும்தான் தெரியும். ருசிக்கு என் நாக்கு வேண்டும். வேலியடிக்குக் கூப்பிட்டு, முதலில் கிணற்றடிக்குப் போய் வாய் கொப்பளித்துவிட்டு வரச் சொல்வார். இறைச்சி சமைத்த வீட்டு வாய், பக்கத்தில் வரக்கூடாது.

"இறைச்சி திண்ட வாய்தானே உங்களுக்கு வேணும். அதையும் கழுவச் சொன்னா நான் எதால ருசி பாக்கிற?" என்று கேட்டேன்.

"குறை நினையாதேங்கோ, தங்கச்சி. நாக்கைக் கழுவ வேண்டாம், வாயை மட்டும் கழுவுங்கோ" என்றார். பகிடியாகச் சொல்லவில்லை.

வாழையிலைத் துண்டில் வைத்து வேலிக்கு மேலால் நீட்டுவார். நான் மென்று பார்த்துக் குறை சொல்வேன். பச்சை மணம் அடிக்குது. மெல்லுறதுக்கு முதலே கரையுது, இறைச்சி எண்டா பல்லுக்கு எதிர்த்து நிக்கணும். கொழுப்பில்லை, வாய் வறண்டு போகுது. நான் சொல்வதை ஒரு சொல் தவறாமல் கேட்டுக்கொண்டு உள்ளே போவார். பிலாக்காயின் நடுத்தண்டை எறியாமல் எடுத்து வேறாக அவித்துச் சேர்த்தார், பல்லுக்கு எதிர்த்து நிற்க. இளநீர் வழுக்கையை மிளகாய் எண்ணெயில் வதக்கிச் சேர்த்தார், கொழுப்புக்காக. மழை பெய்து காளான் முளைத்த கிழமையில் காளான். கடைகளில் வெளிநாட்டுச் சாமான் வந்து குவியத் தொடங்கிய காலம் அது. சோயா இறைச்சி என்று பெட்டியில் வந்ததையும் வாங்கி, சுடுதண்ணியில் ஊறவைத்துப் பிழிந்து, பிழிந்து, அதன் நாற்றம் போகும்வரை கழுவிச் சேர்த்தார். கடைசியில் தேங்காய்ப் பொச்சுமட்டையை எரித்து அந்தப் புகையில் சட்டியைத் தொங்கவிட்டார்.

ஒவ்வொரு முறையும் அண்ணன் கண்டுபிடித்தார். ஒவ்வொரு முறையும் முன்னதைவிடக் கூடச் சாப்பிட்டார் என்பதையும் சொல்லவேண்டும். "இண்டைக்குச் சோயா. மூக்கில இடிக்குது." "இண்டைக்குக் காளான்தானே?" இருவருக்கும் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. கட்டிலை விட்டு எழும்பி வாசற்படி வரை வந்தார். அதோடு நின்றிருக்கலாம். பிலாக்காய் பிலாக்காயாகவே இருந்து, மனுசன் பகிடி பண்ணிக்கொண்டு சாப்பிட்டுத் தேறியிருப்பார். ஆனால் அக்காவுக்கு அது போதாது. புருஷன் சாப்பிடுகிறார் என்பதைவிட, கண்டுபிடிக்கிறார் என்பது அவருக்குக் குத்தியது.

ஒரு மத்தியானம் வழக்கம்போல வேலிக்கு மேலால் இலைத்துண்டு வந்தது. ரொட்டியோடு மடித்துக் கடித்தேன். ஒரு முறை மென்றேன். அப்படியே நின்றேன். புகை, கொழுப்பு, நார், பல்லுக்குக் கீழே அந்த இழுபறி. இது இறைச்சி. ஆடுமில்லை, மாடுமில்லை, எனக்குத் தெரிந்த எதுவுமில்லை. அப்படியென்றால் என்ன இறைச்சி, எங்களுக்கு ஹராமானதோ? அந்த மெக்சிக்கோக்காரி கடையில் போட்டது என்னவென்று நான் கேட்காமல் விட்டது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. வேலியடியிலேயே துப்பிவிட்டு, கிணற்றடிக்கு ஓடி வாயைக் கழுவு கழுவென்று கழுவினேன்.

திரும்பி வந்தால் அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று சிரிக்கிறார். கண்ணில் தண்ணி வரும் வரை சிரித்தார். அந்த மனுசி அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

"பிலாக்காய், தங்கச்சி. சத்தியமாப் பிலாக்காய். இறைச்சிக்கடைக்காரன்ட பெண்சாதியே துப்பிப்போட்டா" என்றார்.

நான் நம்பவில்லை. குசினி வாசல் வரை கூட்டிப்போய்த் தோலையும் பால் ஒட்டிய கத்தியையும் காட்டிய பிறகுதான் நெஞ்சு ஆறியது. அதற்குப் பிறகு மிச்சத்தை எடுத்துத் தின்றேன். அவ்வளவு ருசியான சாப்பாடு என் வாழ்க்கையில் நான் சாப்பிட்டதில்லை. இப்போதும் அதை நினைத்தால் வாயூறுகிறது. அதற்காக எனக்கே என்னில் கோபம் வரும்.

அக்கா கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே போய் அறை வாசலில் நின்றேன். பார்க்க ஆசை.

அண்ணன் சாப்பிட்டார். பகிடி விடவில்லை, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். ஒன்றை முடித்து இன்னொன்றை எடுத்தார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கலியாணப் பெண்ணின் முகம் மாதிரி இருந்தது. பாதி தின்ற ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் நிமிர்ந்தார்.

"எங்கால எடுத்தனீ இதை?" என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். பிலாக்காய் என்று ஒரு சொல். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"கண்டுபிடியுங்கோ பாப்பம்."

அண்ணன் கையிலிருந்ததைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்னைத் தாண்டி எங்கள் வீட்டு வேலியைப் பார்த்தார். ரொட்டியைக் கோப்பையில் மெல்ல வைத்தார்.

"மச்சம் ஏத்திப்போட்டாய்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. நீண்ட நாளாக எதிர்பார்த்திருந்த ஒன்று வந்து சேர்ந்துவிட்டது போல அமைதியாகச் சொன்னார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"ஐயோ, இல்லையப்பா, பிலாக்காய். தண்டு போட்டனான், வழுக்கை போட்டனான்" என்று அக்கா சொல்லத் தொடங்கினார். குசினிக்கு ஓடித் தோலைக் கொண்டுவந்தார், கத்தியைக் கொண்டுவந்தார், சோயாப் பெட்டியைக் கொண்டுவந்தார். கட்டிலில் எல்லாவற்றையும் பரப்பினார். அண்ணன் ஒன்றையும் பார்க்கவில்லை.

"தோல் காட்டுறது பெரிய வேலையோ? நான் இல்லாத வீட்டில என்னை இருமவச்சவள் நீ. உன்ட கைக்கு ஏலாதது என்ன?"

"அண்ணன், குர்ஆன் மேல சத்தியமாச் சொல்றன், அது இறைச்சி இல்ல. நானும் ஏமாந்துதான் துப்பினன்" என்றேன் நான்.

"நீங்கள் அவவுக்காகச் சொல்லுவியள், தங்கச்சி. உங்களில எனக்குக் கோவமில்லை." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "எனக்காகத்தான் நேர்ந்தவள். எனக்காகத்தான் உடைச்சவளும். ஆரைக் குற்றம் சொல்லுறது?"

அதற்குப் பிறகு அந்தக் குசினியில் சமைத்தது எதுவும் அண்ணனின் வாய்க்குள் போகவில்லை. எங்கள் வீட்டிலிருந்தும் ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டார். சல்லிக் கிராமத்திலிருந்து அவருடைய தங்கச்சி வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தாள். உதட்டை நனைத்துவிட்டு வைத்துவிடுவார். அக்கா விடுகிற ஆளா? முழுப் பிலாக்காயைக் கட்டிலடிக்குக் கொண்டுவந்து, அவருடைய கண்ணுக்கு முன்னால் வெட்டினார். அறை வாசலிலேயே கல்லை வைத்து அடுப்பு மூட்டி, ஒவ்வொன்றையும் தூக்கித் தூக்கிக் காட்டி, அதே மாதிரிச் சமைத்தார். புகையில் அண்ணனுக்கு இருமல் எடுத்தது. சமைத்து முடித்து அவருடைய வாய்க்குள் ஊட்டினார். அண்ணன் மறுக்கவில்லை. மென்று விழுங்கினார்.

"இது பிலாக்காய்" என்றார். "அண்டைக்குத் தந்தது இதில்லை."

நானும் அதைத் தின்று பார்த்தேன். அவர் சொன்னது சரி. அது வெறும் பிலாக்காய்தான். காட்டுவதற்காகச் சமைத்த கையில் அந்த ருசி வரவில்லை. அக்கா திரும்பத் திரும்பச் செய்தார். உப்பு ஏறியது, மிளகாய் எரிந்தது, தண்டு வேகவில்லை. ஒரு மத்தியானம் வந்த கை பிறகு வரவே இல்லை. பொய்யை அவ்வளவு அழகாகச் செய்த மனுசிக்கு உண்மையை ஒரு தரம் செய்துகாட்ட முடியவில்லை.

மாரி தொடங்குவதற்கு முதல் அண்ணன் மவுத்தாகிப் போனார். நெஞ்சு முழுக்கப் பழுதாகியிருந்தது, எதைச் சாப்பிட்டிருந்தாலும் இது நடந்திருக்கும் என்று டொக்டர் சொன்னார். படித்தவர், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் வாசற்படி வரை எழும்பி வந்திருந்த மனுசன் பிறகு சுவரைப் பார்த்துப் படுத்ததை அவர் காணவில்லை. நான் கண்டேன்.

செத்த வீட்டில் அக்கா அழுதார். சொந்தக்காரப் பெண்கள் சுற்றியிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மற்றவளின் காதுக்குள் என்னவோ சொன்னாள். மச்சம் ஏற்றிப் புருஷனைச் சாகவிட்டவள் என்று ஊர் முழுவதும் கதை போயிருந்தது. பிலாக்காய் என்று அக்கா யாருக்குச் சொன்னாலும், "ஓமோம்" என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். எனக்கு அவர்களையெல்லாம் விளக்குமாற்றால் விரட்டவேண்டும் போலிருந்தது. இறைச்சிக்கடைக்காரன் பெண்சாதி வாய் திறந்தால் கதை இன்னும் மோசமாகும் என்று அடக்கிக்கொண்டேன்.

எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்து எல்லோரும் போன பிறகு அக்கா வேலியடிக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தங்கச்சி, ஒரு பிழை விட்டிருக்கலாம். கொஞ்சம் பச்சை மணம் இருக்கட்டும் எண்டு விட்டிருந்தால் கண்டுபிடிச்சிருப்பார்" என்றார்.

கிடுகுக்குள்ளால் கையை நீட்டி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அதில் பிலாக்காய்ப் பால் இன்னும் கறுப்பாக ஒட்டியிருந்தது. எண்ணெய் பூசிக் கழுவினால் போய்விடும், அவர் கழுவவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அந்த வீட்டில் சத்தமே இல்லை. ஒரு நாள் பொழுதுபட மஃரிப் பாங்கு சொல்லி முடிந்து, என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. அவருடைய கையிலிருந்த வாளி அப்படியே விழுந்தது. முகத்தில் இரத்தம் இல்லை.

"அக்காதான்" என்றேன். "பயப்படாதீங்க. தனிய இருக்கிறா, முந்தி மாதிரி இருமுறா."

ஆனால் முந்தி மாதிரி இல்லை. கப்பல்காரனின் கனத்த இருமல் இல்லை அது. கடைசி மாதங்களில் அண்ணன் இருமிய இருமல். இழுத்து, இடையில் மூச்சுக்குத் தவித்து, முடியாமல் விட்டு, திரும்பத் தொடங்கி. ஒரு பிழை இல்லை. நெஞ்சுக்குள் கரகரப்பதுகூடக் கேட்டது.

நான் வேலியடிக்குப் போனேன். நிறுத்தச் சொல்லத்தான் போனேன். இருமல் தானாகவே அடங்கியது. அந்தப் பக்கம் அவர் காத்துக்கொண்டு நிற்கிறார் என்று தெரிந்தது. ஒழுங்கையில் யாரோ இரண்டு பேர் பேசிக்கொண்டு போனார்கள். முந்திக் கேட்கிற மாதிரியே உரத்துக் கேட்டேன்.

"அக்கா, அண்ணன் சாப்பிட்டாரா?"

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"ஓம் தங்கச்சி" என்றார் அக்கா. "இண்டைக்கு நல்லாச் சாப்பிட்டவர்."